ஆகாய விமானத்துக்குப் பாதாளக் கரண்டி!

உங்கள் வீட்டில் பாதாளக் கரண்டி இருக்கிறதா?

'அது என்ன கரண்டி? எந்தப் பலகாரம் செய்ய?' என்று கேட்கிற வாசகிகள், பட்டணத்து மாடிக் குடியிருப்புகளில் குழாயைத் திருகியே வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்காகச் சொல்கிறேன். கிணறு உள்ள பழைய வீடுகளில், இரும்பு வளையத்தில் பல கொக்கிகள் தொங்கும்படி செய்த ஒரு சாமான் பரணில் கிடக்கும். கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட்டால், அன்றைக்கு மட்டும் அது கீழே இறங்கும். அதை ஒரு கயிற்றில் கட்டி உள்ளே விட்டுத் துழாவினால், ஏதாவது ஒரு கொக்கி வாளியின் பிடியில் மாட்டிக் கொள்ளும். மற்ற நாட்களில் அதற்கு வேலையே கிடையாது. தெருவில் ஒரு வீட்டில் இருந்தால் தெரு முழுவதும் பிழைத்தது. இரவல் வாங்க வருகிறவர்கள் ஒரு செம்பையோ குடத்தையோ ஈடாக வைத்துவிட்டு எடுத்துப் போவது பழைய வழக்கம். ஈடு இல்லாமல் போன பாதாளக் கரண்டி வீடு திரும்பாது என்பது அனுபவசாலிகளின் சித்தாந்தம்.

கோடை விடுமுறைக்குத் தூத்துக்குடியில் என் தாய் வீட்டுக்குப் போயிருந்தேன். என் அண்ணன் மகளும் வந்திருந்தாள். அவள் கல்லூரி மாணவி. பெரியவளானதும் போர் விமானம் ஓட்டப் போவதாக எட்டு வயதிலிருந்து சொல்லிக் கொண்டிருக்கிறாள். சின்ன வயதில் சிரித்தோம். 2016-ம் வருஷம் ஜூன் மாதம் மூன்று பெண்கள் இந்திய விமானப் படையில் போர் விமானிகளாக நியமனம் பெற்ற பிறகு, எங்கள் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. என் தாயார் மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். பேத்திக்கு அவர் ஆச்சி, தெருவுக்கே ஆச்சி. நானும் இங்கே ஆச்சி என்றே எழுதிவிடுகிறேன்.

அன்று காலையில் கிணற்றடியில் 'தொபுக்'கென்று ஒரு சத்தம். வாளி போய்விட்டது.

"ஏட்டி, பரண் மேல பாதாளக் கரண்டி கெடக்கும். எடுத்துட்டு வா!" என்று ஆச்சி குரல் கொடுத்தார்.

பேத்தி எடுத்து வந்தாள். கொக்கிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத்தை, இந்த மாதிரி ஒரு கொக்கி ஜெட் விமானத்தின் வாலுக்கு அடியிலும் இருக்கும், தெரியுமா?" என்று கேட்டாள்.

"கப்பலில் இறங்குகிற விமானத்துக்குத்தானே? சினிமாவில் பார்த்திருக்கிறேன்" என்றேன், எனக்கும் தெரியும் என்ற கௌரவத்துடன்.

"இல்லை அத்தை, தரையிலே இறங்குகிற விமானத்துக்கும்தான். கப்பல் பக்கமே போகாத விமானத்துக்குக்கூட."

தரையில் எத்தனையோ தூரத்துக்கு நீளமாகப் பாதை போட்டிருக்கிறார்கள். அதில் இறங்க எதற்குக் கொக்கி? என் கேள்விக்கு அவள் சொன்ன பதிலையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்து கொண்டதையும் கேளுங்கள்.

போர் விமானம் தரையைத் தொடும்போது மணிக்கு 200 முதல் 280 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கிறது. பத்து டன் எடையுள்ள ஒரு ஜெட் 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவதாக வைத்துக் கொள்வோம். அதை நிறுத்துவது என்றால் அந்த வேகம் முழுவதையும் எங்கேயாவது கொண்டு போய்க் கொட்டியாக வேண்டும். அது பெரும்பாலும் சூடாகத்தான் மாறும். எவ்வளவு சூடு? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாறு குடம் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கிற சூடு. அவ்வளவையும் அரை நிமிஷத்துக்குள் இரண்டு மூன்று சக்கரங்களின் பிரேக் தாங்க வேண்டும். வேகம் கொஞ்சம் கூடினாலும் ஆபத்துத்தான். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகிறது.

நாம் பிரயாணம் செய்கிற விமானங்களில் இந்தக் கொக்கி கிடையாது. தூத்துக்குடிக்காரர்கள் வாகைக்குளம் விமான நிலையத்தில் ஏறி இறங்கும்போது வாலைக் குனிந்து பார்த்துத் தேட வேண்டாம். அவற்றுக்குச் சக்கரங்கள் அதிகம்; பெரிய ஜெட் விமானங்களில் என்ஜினின் காற்றையே முன்பக்கம் திருப்பிவிட்டு வேகத்தைக் குறைக்கிற ஏற்பாடும் உண்டு. போர் விமானத்தில் பெரும்பாலும் அது இல்லை. ஆகாயத்தில் பறப்பதற்காக எதையெல்லாம் குறைக்கலாமோ அதையெல்லாம் குறைத்துவிட்ட மெலிந்த பிராணி அது. பிரேக்குக்கு எண்ணெய் கொண்டு போகிற குழாய் பழுதானால், டயர் வெடித்தால், மழையில் பாதை வழுக்கினால், அல்லது கிளம்புகிற ஓட்டத்தில் பாதி தூரம் போன பிறகு என்ஜின் கோளாறு தெரிந்தால், அப்புறம் பாதை முடிகிற இடம்தான் எதிரே தெரியும். அந்த ஒரு நாளைக்காகத்தான் கொக்கி.

1979-ம் வருஷம் நம் விமானப் படைக்கு வந்த ஜாகுவார் விமானத்தின் வயிற்றில், பின்பக்கத்தில், அந்தக் கொக்கியைப் பார்க்கலாம். அமெரிக்காவின் எஃப்-16, எஃப்-15 விமானங்களிலும் உண்டு. ஒரு நீண்ட இரும்புத் தண்டு. அதன் நுனியில் வளைந்த நகம். அவ்வளவுதான். சாதாரண நாட்களில் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். விமானி ஒரு விசையைத் தட்டினால் கீழே விழுந்து தரையை உரசிக் கொண்டே வரும்.

பாதையின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரு எஃகுக் கயிறு கட்டியிருப்பார்கள். பெருவிரலைவிடச் சற்றுப் பருமன். தரையோடு தரையாகக் கிடந்தால் கொக்கி அதன் மேல் வழுக்கிக் கொண்டு போய்விடும் அல்லவா? அதற்காக நம்முடைய உளுந்து வடை போல நடுவில் துளையுள்ள ரப்பர் வட்டுகளைக் கயிற்றில் வரிசையாகக் கோத்திருக்கிறார்கள். அதனால் கயிறு தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கும். விமானத்தின் சக்கரங்கள் முதலில் அதன் மேல் ஏறிப் போகும். பின்னால் வருகிற கொக்கி அதைக் கவ்வும். கயிறு இழுபடும். முந்நூறு மீட்டர் தூரத்துக்குள், எட்டு ஒன்பது விநாடிகளில், விமானம் நிற்கும். கப்பல் தளத்தில் என்றால் அதே காரியம் நூறு மீட்டரில், மூன்று விநாடியில் முடிந்தாக வேண்டும். ஆகையால் கப்பல் விமானத்தின் கொக்கியும் உடம்பும் மிகப் பலமானவை. தரை விமானத்தின் கொக்கி அதைவிட இளைத்தது. தினம் தினம் உபயோகிப்பதற்கு அல்ல, ஆபத்துக்கு மட்டும்.

இன்னொரு வித்தியாசம் எனக்கு மிகவும் ரசமாகத் தோன்றியது. கப்பலில் இறங்கும் விமானி, சக்கரம் தளத்தைத் தொட்ட கணமே என்ஜினை முழு வேகத்துக்குத் தள்ளுவான். கொக்கி கயிற்றைப் பிடிக்காமல் போனால் மறுபடியும் பறந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கடல்! தரையில் அப்படியல்ல. கயிறு அகப்பட்டதும் என்ஜினைத் தணித்துவிட்டு, அது இழுக்கிற இழுப்புக்கு உடன்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பாதையின் நடுக்கோட்டில் போய்க் கயிற்றைப் பிடிப்பது முக்கியம். ஓரமாகப் பிடித்தால் விமானம் ஒரு பக்கமாக இழுபடும்.

இந்த யோசனை முதன்முதலில் யாருக்கு வந்தது? 1911-ம் வருஷம் ஜனவரி 18-ந் தேதி, ஸான் பிரான்ஸிஸ்கோ துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு யுத்தக் கப்பலின் மேல் மரத்தளம் போட்டு, யூஜீன் ஈலி என்ற அமெரிக்க வாலிபர் தம்முடைய விமானத்தை இறக்கினார். உலகத்தில் அதற்கு முன்னால் யாரும் அப்படிச் செய்ததில்லை. தளத்தின் குறுக்கே 22 கயிறுகள். ஒவ்வொரு கயிற்றின் இரண்டு முனையிலும் 50 ராத்தல் மணல் மூட்டை. விமானத்தின் அடியில் கொக்கிகள். கொக்கி கயிற்றைப் பிடிக்க, மணல் மூட்டைகள் இழுபட, விமானம் நின்றது. ஈலி நீச்சலில் சூரரல்லராம். தண்ணீரில் விழுந்தால் மிதக்கலாமென்று சைக்கிள் டயருக்குள் இருக்கும் ரப்பர் டியூபுகளைத் தோளில் சுற்றிக் கொண்டிருந்தார். அந்த மனிதர் அதே வருஷம் அக்டோபரில் வேறொரு பறத்தல் காட்சியில் விழுந்து இறந்து போனார். அங்கே கயிறும் இல்லை, மூட்டையும் இல்லை.

கயிற்றில் கட்டிய கனம் என்றதும் தூத்துக்குடிக்காரிக்கு வேறென்ன நினைவு வரும்? முத்துக்குளிப்புத்தான். குளியாள் ஒரு கல்லில் காலை ஊன்றிக் கொண்டு, அந்தக் கனத்தில் விறுவிறுவென்று அடிக்குப் போவான். கல்லைத் தோணியில் இருப்பவர்கள் மேலே இழுத்துக் கொள்வார்கள். அவன் ஒரு நிமிஷம் போல மூச்சடக்கிச் சிப்பிகளைப் பொறுக்கிவிட்டு, தன் கயிற்றை அசைப்பான். மேலே இழுக்க வேண்டும். அந்த அசைப்பைக் கவனிக்காமல் ஒருவன் வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு அந்தப் பார்களில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

மணல் மூட்டை ஈலியின் தட்டாம்பூச்சி விமானத்துக்குப் போதும். 1950-களில் ஜெட் விமானங்கள் பெருகிய காலத்தில், தரையில் அவற்றை நிறுத்த என்ன செய்தார்கள் தெரியுமா? கப்பலின் நங்கூரச் சங்கிலியைக் கொண்டு வந்து பாதையின் இரண்டு ஓரத்திலும் நீளக் கிடத்தினார்கள்! பழைய துறைமுகத்துப் பக்கம் நடந்து போகிறவர்கள் அந்த மாதிரிச் சங்கிலியைப் பார்த்திருப்பார்கள். ஒரு கண்ணியையே ஒரு குழந்தை தூக்க முடியாது. குறுக்குக் கயிற்றின் இரு முனையும் இந்தச் சங்கிலிகளில் பிணைத்திருக்கும். விமானம் கயிற்றை இழுக்கும்போது முதலில் ஒரு கண்ணி நகரும், பிறகு இரண்டு, பிறகு பத்து. போகப் போகக் கனம் ஏறும். கடகடவென்று தூசி கிளப்பிக் கொண்டு சங்கிலி பின்னால் ஓட, விமானம் மெள்ள மெள்ள நின்றுவிடும். பட்டென்று இழுத்தால் விமானத்தின் வாலே பிய்ந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதுதான் சாமர்த்தியம். இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம், பழைய இரும்பு போதும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சங்கடம் என்னவென்றால், ஒரு தடவை இழுபட்ட சங்கிலியை மறுபடியும் பழைய இடத்தில் கிடத்துவதற்குள் ஆட்களின் முதுகு முறிந்துவிடும்.

அப்புறம் வந்த ஏற்பாட்டைத்தான், பெண்கள் படிக்கிற பத்திரிகையில் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் அது நம்முடைய மத்து!

தயிர் கடைகிற பெரிய மத்தைத் தூணோடு சேர்த்துக் கட்டி, கயிற்றைச் சுற்றி, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பார்களே, அதை நினைத்துக் கொள்ளுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் மத்து சுலபமாகச் சுழலும். வேகமாக இழுக்க முயன்றால் தயிர் எதிர்த்து நிற்கும், தோள் வலிக்கும். விமானப் பாதையின் இரு ஓரத்திலும் தண்ணீரும் மருந்தும் கலந்த ஒரு தொட்டி. அதற்குள் இறக்கைகள் உள்ள ஒரு மத்து. மத்தின் தண்டில் அகலமான நைலான் நாடாவைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். நாடாவின் நுனி குறுக்குக் கயிற்றில் பிணைந்திருக்கிறது. கொக்கி கயிற்றை இழுத்ததும் நாடா உருவிக் கொண்டு ஓடுகிறது, மத்து சுழல்கிறது, தண்ணீர் எதிர்க்கிறது. வேகமாக வருகிற விமானத்துக்குப் பலமான எதிர்ப்பு. மெதுவாக வருகிறதற்கு மெதுவான எதிர்ப்பு. யாரும் பக்கத்தில் நின்று கூட்டிக் குறைக்க வேண்டியதில்லை. கடைகிறவள் ஆகாய விமானம். வெண்ணெய்தான் திரளாது, வெந்நீர் திரளும்! தண்ணீருக்குப் பதிலாக வட்டை அழுத்திப் பிடிக்கிற பிரேக்கை வைத்தும் செய்கிறார்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்த ஒரு வகைக்கு பி-52 என்ற ராட்சத குண்டு விமானத்தின் பிரேக்குகளையே எடுத்துப் பொருத்தினார்கள்.

நம் பக்கத்துக்குக் கொக்கி வால் புதிது அல்ல. தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால், மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் இலங்கையின் புத்தளம் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அங்கே பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளம் ஒன்று இருந்தது. ராஜாளியா என்று அதற்குப் பெயர். இறக்கை வளைந்து, வாலில் கொக்கியுடன் கூடிய கோர்ஸேர் விமானங்கள் அங்கே இருந்தன. மழைச் சேற்றில் அவை சிக்கிக் கொண்டபோது யானைகளைக் கட்டி இழுத்தார்கள். அந்தப் புகைப்படங்கள் இன்னும் இருக்கின்றன. கொக்கி நிறுத்துவதற்கு, யானை நகர்த்துவதற்கு!

தமிழ்நாட்டுத் தரைக்கு ஜெட்டும் கொக்கியும் சேர்ந்து வந்தது கோயமுத்தூருக்கு அருகே சூலூரில். 1961-ம் வருஷம் மே 18-ந் தேதி, பிற்காலத்தில் கடற்படைத் தலைவரான தஹிலியானி, ஸீ ஹாக் என்ற ஜெட்டை விக்ராந்த் கப்பலில் கொக்கி போட்டு இறக்கினார். அந்தக் கப்பலில் இறங்கிய முதல் ஜெட் அதுதான். அதே வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி சூலூரில் 'ஹன்ஸா' என்ற கடற்படை விமானத்தளம் தொடங்கப்பட்டது. 1964-ல் அது கோவாவுக்குப் போய்விட்டது. கடைசிச் சலாபம் நடந்ததும் 1961, இதுவும் 1961. இதில் ஏதோ தத்துவம் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. வருஷம் பொருந்தியது, சொல்லிவிட்டேன். கோவாவில் அந்த ஹன்ஸா தளத்திலேயே, தரையில் கப்பல் தளம் மாதிரி அமைத்த இடத்தில், 2019 செப்டம்பர் 13-ந் தேதி, நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் விமானத்தின் கடற்படை மாதிரி முதல் தடவையாகக் கயிற்றைக் கவ்வி நின்றது.

இன்றைக்குத் தஞ்சாவூரில் 2020-ம் வருஷம் ஜனவரி 20 முதல் ஸுகோய் விமானப் பிரிவு ஒன்று இருக்கிறது. 'புலிச்சுறா' என்று பட்டப் பெயர். சலாப காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே ஒரு மந்திரவாதிக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த கடற்கரை இது. அதற்கு இப்போது காவல் சுறாவே! இந்த ஸுகோய்க்கு வாலில் கொக்கி கிடையாது. ரஷ்ய சம்பிரதாயம் வேறு. வால் நுனியிலிருந்து பாராசூட் விரிந்து காற்றைப் பிடித்து இழுக்கும். பாராசூட் வேகம் அதிகமாக இருக்கும்போது நன்றாக வேலை செய்யும். வேகம் குறையக் குறைய அதன் பலமும் குறையும். அதுவும் தவறிப் போனால்? பாதையின் முடிவில் ஒரு நைலான் வலை எழுந்து நிற்கும். விமானத்தை மீனைப் போல வாரிப் பிடித்துக் கொள்ளும். ஆக்ராவில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் நம்மவர்களே இத்தகைய வலைகளை உருவாக்கியிருக்கிறார்கள். வலைக்குள் புகுந்த விமானம் கீறல் படாமல் வெளிவருவது கஷ்டம். என்னைக் கேட்டால் எனக்குக் கொக்கியும் கயிறும்தான் பிடித்தம். காற்றை நம்புவதைவிடத் தரையில் கட்டிய கயிற்றை நம்பலாம் என்று மனசுக்குப் படுகிறது.

கிணற்றடிக்குத் திரும்புவோம்.

நாங்கள் இத்தனையும் பேசிக் கொண்டிருந்தபோது, ஆச்சி அன்றைக்கு அடுக்களைக்குப் போகவில்லை. துவைகல்லில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டே இருந்தார். பேத்தி, 2025-ம் வருஷம் ஜூலையில் ஆஸ்தா பூனியா என்ற பெண் கடற்படையின் போர் விமானப் பிரிவுக்கு முதல் பெண்ணாகத் தேர்வானதைச் சொல்லி, "ஆச்சி, அவங்க கொக்கி போட்டுக் கப்பலிலேயே இறங்குவாங்க!" என்று கையை ஆட்டிக் காட்டினாள்.

ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது சரிட்டி. அந்தக் கயித்த யாரு பிடிக்காவ?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆச்சி சிரிக்கவில்லை.

"முத்துக் குளிக்கப் போறவன் கயித்தக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கையில குடுக்க மாட்டானாம். பொண்டாட்டிகூடப் பிறந்தவன் கையிலதான் குடுப்பானாம். அவன்தான தங்கச்சி தாலிய நெனச்சுக்கிட்டுப் பிடிப்பான்? அதுக்குத்தான் கேக்கேன்."

இந்தப் பேச்சைத் தூத்துக்குடிப் பக்கம் எல்லோரும் கேட்டிருப்பார்கள். எனக்கும் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆனால் விமானத்துக்குக் கொண்டு வந்து பொருத்த எனக்குத் தோன்றவில்லை.

பேத்தி உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். பாதையின் ஓரத்தில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கயிற்றில் ஒரு இழை அறுந்திருக்கிறதா, வட்டுகள் விலகியிருக்கின்றனவா, தொட்டியில் தண்ணீர் சரியாக இருக்கிறதா, நாடா ஒழுங்காகச் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர்களுடைய உத்தியோகம். விமானம் ஒன்று கயிற்றைப் பிடித்து நின்றதும், முதலில் ஓடி வருகிறவர்கள் அவர்களும் நெருப்பணைக்கிறவர்களும்தான். விமானத்தைச் சற்றுப் பின்னுக்கு நகர விட்டுக் கயிற்றைத் தளர்த்துவார்கள். கொக்கியை மேலே தூக்கி மாட்டுவார்கள். நாடாவை மறுபடியும் சுற்றி, கயிற்றை இழுத்துக் கட்டி, அடுத்த விமானத்துக்குத் தயார் செய்வார்கள். மாதக் கணக்கில் ஒரு விமானமும் அதைப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும்.

"அவியளுக்கு இவ யாருன்னு தெரியுமா?" என்றார் ஆச்சி.

"தெரியும் ஆச்சி. ஒரே தளத்தில்தானே இருப்போம்? முகம் தெரியும், பேர் தெரியும்."

"அப்பம் போய் இறங்குன அன்னைக்கே அவியளப் பாத்துக் கும்பிட்டு வச்சுக்கோ. ஊர்ல இருந்து மக்ரூன் வாங்கிட்டுப் போ" என்றார் ஆச்சி.

நானும் அண்ணன் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். 'போகாதே' என்ற வார்த்தை வரவில்லை என்பதை இருவரும் கவனித்தோம். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது என்று பாதாளக் கரண்டியைக் கிணற்றில் இறக்கினோம்.

மூன்று தடவை வெறுங்கையாக வந்தது. நாலாவது தடவை கயிறு கனத்தது. வாளி வந்தது. கூடவே இன்னொரு கொக்கியில், பாசி பிடித்துப் பச்சையாக, ஒரு பித்தளைச் செம்பும் தொங்கிக் கொண்டு வந்தது. எந்தக் காலத்தில் விழுந்ததோ!

"அட, இது மூணாம் வீட்டுக்காரி ஈடு வச்ச செம்புல்லா! நான் தொலைச்சிட்டேன்னு எத்தன வருஷமா சொல்லிக் காட்டிக்கிட்டு இருக்கா!" என்று ஆச்சி செம்பைப் பிடுங்கிக் கொண்டு வாசல் பக்கம் நடந்தார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, அந்தக் கரண்டியத் தொடச்சு, எண்ணெய் தடவி மேல வையி" என்றார்.